அரைப்பேர்

விடுமுறைக்கு ஈழத் தீவுக்கு வருவோர் விரும்புவன இரண்டு: எண்ணெய் தேய்த்து நீராடி இளைப்பாறுதல், ஊர் திரும்புகையில் நினைவுப் பொருள் வாங்குதல். திம்புள்ள மலைப்புறத்தில் இவ்விரண்டும் கிடைக்கின்றன. அட்டன் அருகே, காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடுத்துத் துரைமார் குடியிருந்த பங்களாக்கள் சில 2005 முதல் பயணியர் மாளிகைகளாயின. உடல்வலி நீக்கும் எண்ணெய்த் தேய்ப்பும் அங்கு உண்டு. தலவாக்கலைச் சாலையில், சென்கிளயர் அருவிப் பக்கத்துத் தேயிலைக் கடையிலோ பெயர் பொறித்த பெட்டிகள் அடுக்கியிருக்கும். சனவரி முதல் மார்ச்சு வரை வறண்ட காற்று வீசும் பருவத்துத் திம்புள்ளத் தேயிலைக்கே மணம் மிகுதி.

பெயர் என்றதும் ஒரு சொல் நினைவுக்கு வருகின்றது. தோட்டத் தமிழில் 'பேர்' என்பது ஒருநாள் வேலைக்குரிய கூலிப்பதிவு. கொழுந்து குறித்த நிறையிற் குறையின் 'அரைப்பேர்' என்பர். அஃதாவது பாதிக் கூலி. ஒரு கிலோ தேயிலைக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கூடைக் கயிற்றைத் தலையில் தாங்கி அத்தனையும் கிள்ளிய பெண்ணின் தோளுக்கு எண்ணெய் தேய்ப்பார் யார்?

கூலிப் பேரேட்டில் பாதியாக நின்ற பெயர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டின் குடிமக்கள் வரிசையினின்றும் நீங்கிற்று. அதனை மீளப் பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோர் பலர். இம்மக்களின் வாழ்வையும் வாய்மொழிப் பாடல்களையும் எழுத்திலேற்றிய சி. வி. வேலுப்பிள்ளை பிறந்த மடக்கும்புரைத் தோட்டமும் இவ்வட்டாரத்ததே. தேயிலை வாங்குவோர் அவர் நூலொன்றையும் தேடிப் பெறுக. கொழுந்து கிள்ளியோரை அதிற் காணலாம்.