வேலிக்குக் கீழே ஒரு பொதுக்கலம்: யாழ்ப்பாணக் கிணறுகளும் நீரமுக்கமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காணியை வேலி பிரிக்கின்றது. கிணற்றை உறுதி பிரிக்கின்றது. இன்னாருக்கு இத்தனை பங்கு எனக் கிணற்றையும் உறுதியில் எழுதுவது நம்மவர் வழக்கம். ஆயின் உறுதி பிரித்த நீரை இயற்கையும் பிரித்துள்ளதா? இவ்வினாவுக்கு விடை காண, நீரமுக்கம் பற்றிய சில அடிப்படைகளை முதலில் நோக்குவோம்.

அசையாதிருக்கும் நீரினுள், வளிமண்டல அமுக்கம் நீங்கலாக, ஓரிடத்து அமுக்கத்தை நிர்ணயிப்பன அவ்விடத்துக்கு மேலுள்ள நீரின் உயரமும் அடர்த்தியுமேயாகும். பாத்திரத்தின் அகலமோ வடிவமோ அன்று. ஒரு தொட்டியை நடுவே சுவரெழுப்பிப் பிரித்தால் இருபுறத்தும் வெவ்வேறு மட்டங்களில் நீர் நிற்கலாம். அவ்வேறுபாட்டின் சுமையைச் சுவர் தாங்குகின்றது. சுவரின் அடியில் ஒரு துளை இருப்பினோ மட்டங்கள் சமனாகும்வரை நீர் பாயும். துளை சிறிதாயின் காலம் நீளும், முடிவு மாறாது.

இருபுறத்தும் ஒரே நீர் இல்லாதவிடத்து நிலைமை வேறாகும். கடல்நீர் நன்னீரினும் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. ஆகவே 40 அடி உயரமான கடல்நீர் நிரலைச் சமன்செய்ய 41 அடி நன்னீர் வேண்டும். கடன்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பதே இதன் பொருள். கடலோர நிலங்களைப் பற்றிய இவ்வுண்மையை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், 1901 இல் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே எடுத்துக்காட்டினர்.

நமது குடாநாடு இதற்குச் சிறந்த உதாரணமாகும். அதன் அடித்தளமான மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்தது. அது பிரிக்கப்பட்ட தொட்டிதான். ஆயினும் அதன் சுவர்களெல்லாம் துளையுடையன. மாரி மழை அதனூடே இறங்கி, உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கின்றது. ஆழங்காண முடியாதது என மக்கள் நம்பிவந்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வமைப்பினாலேயே.

துலாமிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உழைப்பின் எல்லையே இறைப்பின் எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கிற்று. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் சந்தைக்காகப் பெருகியபோது இறைப்பும் பெருகிற்று. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிலைக்குமாயின், காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலெழ இடமுண்டு. இலாபம் இயந்திரம் வைத்திருப்பவனுடையது. உப்போ வேலி கடந்து அயலானின் கிணற்றுக்கும் செல்கின்றது. தனியுடைமை மேற்பரப்பில் மட்டுமே செல்லுபடியாகும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல சான்று அரிது.

இங்கு இன்னொன்றும் நோக்கற்பாலது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்ட கொடுமையைக் கே. டானியல் தமது 'தண்ணீர்' நாவலின் பொருளாக்கினார். மறுத்தவரின் கிணற்றுக்கும் மறுக்கப்பட்டவரின் குடிசைக்கும் கீழே கிடந்தது ஒரே நன்னீர் வில்லையே. தடுத்தது கல்லன்று, கிணற்றுக் கட்டின்மேல் நின்ற சமூக அதிகாரமே.

எனினும், நீர் இயல்பாகவே பொதுவானது என்பதனால் நீதி தானாக விளைந்துவிடாது. பொதுக்கலத்துக்குப் பொதுக்கட்டுப்பாடு வேண்டும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அமைந்த தடுப்பணைகள் அத்தகைய முயற்சிகளே. கடலுக்கும் கடனீரேரிக்கும் இடையே சுவரெழுப்பி, மழைநீரை உள்ளே உயர்மட்டத்தில் நிறுத்துவது அவற்றின் நோக்கம். ஆனால் கதவு பழுதுற்றால் அச்சுவரும் துளையுடைய சுவரேயாகும். குளங்களைத் தூர்வாருதல், இறைப்பை அளவிடுதல், அணைகளைப் பேணுதல் ஆகிய மூன்றும் ஒரு கிணற்றுக்காரனால் இயல்வன அல்ல. வேலிக்கு மேலே நாம் பிரிந்து நிற்கலாம். கீழேயுள்ள கணக்கில் நாம் அனைவரும் பங்காளிகளே.