சுயேச்சைக்குக் கட்சிப் பந்தியில் இலை உண்டா?

ஒரு கட்சியில் உறுப்பினராக இல்லாதவர், அந்தக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக வர ஆசைப்படலாமா? நம் நாட்டில் இந்தக் கேள்வி எழுவதற்கே இடம் இல்லை. இங்கே டிக்கெட் கொடுப்பது மேலிடம். நேற்று வந்தவருக்குக் கொடுத்தாலும், 30 வருஷம் கொடி பிடித்தவருக்குக் கொடுத்தாலும், தொண்டன் சுவரொட்டி ஒட்டப் போக வேண்டியதுதான். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே கட்சி வேட்பாளர் யார் என்று முடிவு செய்வதற்கே தனியாக ஒரு தேர்தல் நடக்கிறது. அதற்குப் 'பிரைமரி' என்று பெயர். மாநிலம் மாநிலமாக மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள்.

இந்தப் பிரைமரியில் 2016ஆம் ஆண்டும் 2020ஆம் ஆண்டும் ஒரு சுயேச்சை செனட்டர் போட்டியிட்டார். "இவர் யார் வீட்டுப் பிள்ளை?" என்று அப்போது கட்சிக்குள் எழுந்த சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை.

கதவு திறந்த கதை

முன்பெல்லாம் அமெரிக்காவிலும் வேட்பாளரைப் பெரும்பாலும் கட்சிப் பெரியவர்களே பேசி முடித்தார்கள். 1968இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், ஒரு பிரைமரியிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளர் ஆனார். வெளியே வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. உள்ளே பிரதிநிதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தினார்கள். அந்த ஆண்டு கட்சி தோற்றது. அதன் பிறகுதான் விதிகளைத் திருத்தினார்கள். 1972 முதல் மக்கள் போடும் ஓட்டே பெரும்பாலும் வேட்பாளரை முடிவு செய்கிறது.

மக்களுக்குக் கதவைத் திறந்தாயிற்று. திறந்த கதவு வழியாக யார் யார் வரலாம் என்பதுதான் பிறகு வந்த வழக்கு.

யார் இந்தச் சாண்டர்ஸ்?

பெர்னி சாண்டர்ஸ் 1941இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். 1981இல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகருக்கு மேயர் ஆனார். வென்றது வெறும் 10 ஓட்டில்! 1991இல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். 2007 முதல் செனட்டர். எல்லாம் சுயேச்சையாகவே. தன்னை 'ஜனநாயக சோஷலிஸ்ட்' என்று சொல்லிக்கொள்பவர். அமெரிக்காவில் அப்படிச் சொல்லிக்கொண்டு தேர்தலில் ஜெயிப்பது லேசான காரியம் அல்ல.

2015 ஏப்ரலில் இவர் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் குதித்தார். எதிரே நின்றவர் ஹிலாரி கிளின்டன். ஜனாதிபதியின் மனைவி, செனட்டர், வெளிநாட்டு மந்திரி என்று பல படிகள் ஏறி வந்தவர். சாண்டர்ஸ் கேட்டதோ, எல்லோருக்கும் அரசாங்க மருத்துவக் காப்பீடு, அரசுக் கல்லூரிகளில் சம்பளம் இல்லாத படிப்பு, மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி. சாதாரண மக்கள் சிறுகச் சிறுக அனுப்பிய பணத்தில் தேர்தலை நடத்தினார். 2016 பிப்ரவரியில் நியூஹாம்ப்ஷயர் பிரைமரியில் சுமார் 60 சதவீத ஓட்டுடன் வென்றதும் கட்சித் தலைவர்களுக்குத் தூக்கம் போயிற்று.

கட்சிக்காரரின் நியாயம்

எதிர்த்தவர்கள் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கட்சி என்பது சத்திரம் அல்ல. கிராமம் கிராமமாக அலைந்து நிதி திரட்டி, கவுன்சிலர் முதல் கவர்னர் வரை ஆள் நிறுத்தி வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். மழையில் நனைந்தவன் ஒருவன், குடையின் கீழ் வந்து நிற்பவன் இன்னொருவனா என்று அவர்கள் கேட்டார்கள்.

அதற்கு ஆதாரமும் காட்டினார்கள். 2006, 2012 ஆகிய ஆண்டுகளின் செனட் தேர்தல்களில் சாண்டர்ஸ் வெர்மான்டில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் நின்று வென்றார். வென்ற பிறகு, "உங்கள் சின்னம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிச் சுயேச்சையாகவே பொதுத் தேர்தலில் நின்றார். 2018இலும் அப்படியே செய்தார். பந்தியில் இலை போட்டு இடம் பிடித்துவிட்டு, சாப்பாடு மட்டும் வேண்டாம் என்பது போன்றது இது.

சட்டமும் கட்சியின் பக்கம்தான். 1986இல் கனெக்டிகட் மாநில வழக்கில், தன் பிரைமரியில் சுயேச்சை வாக்காளர்களை அனுமதிக்கக் கட்சி விரும்பினால் அரசாங்கம் தடுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2000இல் கலிபோர்னியா வழக்கில், வேண்டாம் என்று கட்சி சொன்னால் வெளியாரை அதன்மீது திணிக்கக் கூடாது என்று 7 நீதிபதிகள் ஒரு பக்கமும் 2 பேர் மறுபக்கமுமாகத் தீர்ப்பளித்தார்கள். கதவின் சாவி பெருமளவு கட்சியின் கையில் என்பதே இரண்டுக்கும் பொருள்.

சுயேச்சையின் நியாயம்

மறுபக்கத்தையும் பார்ப்போம். வெர்மான்ட் மாநிலத்தில் வாக்காளர் பட்டியலில் கட்சிப் பெயரைப் பதிவு செய்யும் வழக்கமே கிடையாது. ஆகவே உறுப்பினர் சீட்டு எங்கே என்று அவரிடம் கேட்பதில் பாதி அர்த்தம் போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2007 ஜனவரியில் செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 51க்கு 49 என்று பெரும்பான்மை கிடைத்தது. அந்த 51இல் 2 பேர் சுயேச்சைகள். ஒருவர் சாண்டர்ஸ். மற்றவர் ஜோ லீபர்மன். சாண்டர்ஸ் எதிர்ப்பக்கம் சேர்ந்திருந்தால் கட்சிக்குச் சபையின் சாவி கிடைத்திருக்காது. கணக்குக் காட்டும்போது நம்மவர், பந்தி போடும்போது அயலாரா? இந்தக் கேள்விக்குக் கட்சிக்காரர்களிடமிருந்து நேரான பதில் வந்ததாகத் தெரியவில்லை.

லீபர்மன் கதை இன்னும் வேடிக்கை. அவர் 2000இல் அதே கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர். அசல் வீட்டுப் பிள்ளை. 2006இல் கனெக்டிகட் பிரைமரியில் தோற்றதும், கட்சி தேர்ந்தெடுத்தவரை எதிர்த்துத் தனியாக நின்று ஜெயித்தார். சுயேச்சையான சாண்டர்ஸோ, 2016இல் தோற்றதும் ஜூலை மாதம் கிளின்டனை ஆதரித்து மேடை ஏறினார். 2020இல் விலகியதும் ஜோ பைடனை ஆதரித்தார். யார் உள்ளாள், யார் வெளியாள்?

சரி, தனியாகவே நிற்கட்டுமே என்றால், அங்கே அதற்கு வழி மிகக் குறுகல். 1992இல் ராஸ் பெரோ தனியாக நின்று சுமார் 19 சதவீத ஓட்டு வாங்கினார். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வர் குழுவில் அவருக்கு ஓர் ஓட்டுக்கூடக் கிடைக்கவில்லை. 2000இல் ஃபுளோரிடாவில் ரால்ஃப் நேடர் 97,000க்கு மேல் ஓட்டுப் பிரித்தார். அங்கே புஷ் அல் கோரைத் தோற்கடித்தது 537 ஓட்டில். வெளியாளை வெளியிலேயே நிறுத்தினால் வீட்டுக்குத்தான் நஷ்டம் என்பதைக் கட்சி அன்றே பார்த்துவிட்டது.

நடுவர் செய்த கோளாறு

சாண்டர்ஸை உள்ளே விட்டது தவறு அல்ல. விட்ட பிறகு நடந்துகொண்ட முறைதான் தவறு. ஓட்டுப் பெறாமல் பதவி காரணமாகவே மாநாட்டுக்கு வரும் 'சூப்பர் பிரதிநிதிகள்' அன்று சுமார் 700 பேர். மக்கள் ஓட்டுப் போடத் தொடங்கும் முன்பே அவர்களில் நூற்றுக்கணக்கானோர் கிளின்டன் பக்கம் நின்றுவிட்டார்கள். 2016 ஜூலையில் கட்சி அலுவலகத்தின் மின்னஞ்சல்கள் வெளியாயின. நடுவராக இருக்க வேண்டியவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து எழுதியிருந்தது ஊருக்குத் தெரிந்தது. கட்சித் தலைவி டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் மாநாடு தொடங்கும் தறுவாயில் பதவி விலகல் அறிவித்தார்.

நியூயார்க் மாநில விதி இன்னொரு கொடுமை. 2016 ஏப்ரல் 19இல் பிரைமரி. அதில் ஓட்டுப் போட, ஏற்கெனவே பதிவு செய்தவர்கள் 2015 அக்டோபர் 9க்குள் கட்சி மாறியிருக்க வேண்டும்! குடியரசுக் கட்சியில் நின்ற டிரம்பின் மகளும் மகனுமே இந்தக் கெடுவைத் தவறவிட்டுத் தந்தைக்கு ஓட்டுப் போட முடியாமல் போயிற்று.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நாடு முழுவதும் கிளின்டன் பெற்றது சுமார் 1 கோடியே 69 லட்சம் ஓட்டு. சாண்டர்ஸ் பெற்றது சுமார் 1 கோடியே 32 லட்சம். அவர் தோற்றது ஓட்டில்தான். ஆனால் சாய்ந்த தராசில் நிறுத்த சரக்கை எவரும் நம்புவது இல்லை.

நமக்குத் தெரிந்த வழக்குத்தான்

மில்லிலும் துறைமுகத்திலும் ஆபீசிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இந்தச் சண்டை புதிது அல்ல. சங்கத்துக்கு வக்கீல் தலைவராகலாமா, வெளியாளுக்கு நம் கஷ்டம் தெரியுமா என்று நாமும் வாதாடியவர்கள்தாமே? 1926ஆம் ஆண்டுச் சட்டம், பதிவான சங்கத்தின் நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் இருப்பவர்களாக வேண்டும் என்றது. 2001 திருத்தம் வெளியாரின் அளவை மேலும் குறைத்தது. வேண்டாம் என்று துரத்தவும் இல்லை. வீட்டையே எழுதிக் கொடுக்கவும் இல்லை. சட்டம் படித்த வி.வி.கிரி ரயில்வே தொழிலாளர் தலைவராக வளர்ந்தவர்தான். அவரே 1969இல் ஜனாதிபதி தேர்தலில் சுயேச்சையாக நின்று, காங்கிரசின் அதிகார பூர்வ வேட்பாளரைத் தோற்கடித்தார்.

எழுதி வாங்கிய வாக்கு

ஜனநாயகக் கட்சி 2018இல் இரண்டு காரியம் செய்தது. போட்டி உள்ள மாநாட்டில் முதல் சுற்றில் சூப்பர் பிரதிநிதிகளுக்கு ஓட்டு இல்லை என்றது. கூடவே, பிரைமரியில் நிற்பவர் தாம் கட்சி உறுப்பினர் என்றும், ஜெயித்தால் அந்தக் கட்சிக்காரராகவே பதவி வகிப்பதாகவும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. 2019 மார்ச்சில் சாண்டர்ஸ் கையெழுத்துப் போட்டார். அதே மாதம், 2024 செனட் தேர்தலுக்குச் சுயேச்சை என்றே பதிவும் செய்தார். ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைப்பது மரியாதை ஆகாது. இதில் கட்சிக்காரர்கள் கோபப்பட்டது நியாயமே.

ஆகவே தீர்ப்பு இதுதான்: வெளியாள் வரலாம். வருவதற்கு முன்பே நிபந்தனையைச் சொல்லிவிட வேண்டும். வந்தவர் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும். அழைத்த வீடு எல்லோருக்கும் ஒரே கரண்டியால் பரிமாற வேண்டும். இந்த மூன்றில் எது தவறினாலும் ஏமாறுவது தலைவர்கள் அல்லர். வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட சாதாரண மனிதனே.