பேறுகாலச் செலவு யார் கணக்கில்?

ஒரு லட்சம் உயிருள்ள குழந்தைப் பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்பதைக் காட்டும் பேறுகால இறப்பு விகிதம், ஆந்திரப் பிரதேசத்தில் 2001-03ஆம் ஆண்டுகளில் 195 ஆக இருந்து 2018-20இல் 45 ஆகக் குறைந்திருப்பதாக இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. கருவுற்ற காலத்திலோ, பிரசவத்தின்போதோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புடைய காரணத்தால் நேரும் இறப்புகள் மட்டுமே இக்கணக்கில் சேரும்; 2014இல் தெலங்கானா பிரிந்துவிட்டதால் முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஒரே நிலப்பரப்பைக் குறிப்பனவல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆயினும் இதே காலத்தில் நாட்டின் சராசரி 301இலிருந்து 97க்கு இறங்கியதோடு ஒப்பிட்டால் ஆந்திரத்தின் முன்னேற்றம் விரைவானது. 2018-20இல் தமிழ்நாட்டின் விகிதமே 54 ஆக இருந்தது. இம்முன்னேற்றத்துக்கு எத்தகைய செலவு துணைநின்றது, அதில் எவ்வளவு அரசின் கருவூலத்திலிருந்தும் எவ்வளவு குடும்பங்களின் கடனிலிருந்தும் வந்தது என்னும் கேள்விகளை, பெரிய மருத்துவமனைகள் நிறைந்த ஒரு கோயில் நகரமும் அதற்கு எளிதில் எட்டாத எல்லையோரச் சிற்றூர்களும் அடங்கிய சித்தூர், திருப்பதி மாவட்டங்களை முன்வைத்து ஆராய்வது பொருத்தமானது.

செலவுக்கும் நலத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வுலகின் விவாதம் பழையது. உலக வங்கியைச் சேர்ந்த டியான் ஃபில்மரும் லான்ட் பிரிட்சட்டும் 1990களின் இறுதியில் பல நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு, குழந்தை இறப்பில் நாட்டுக்கு நாடு காணப்படும் வேறுபாட்டின் பெரும்பகுதியை வருமானம், ஏற்றத்தாழ்வு, பெண்கல்வி போன்றவற்றைக் கொண்டே விளக்கிவிட முடியும் என்றும், அரசு செய்யும் மருத்துவச் செலவின் பங்கு மிகச் சிறியது என்றும் எழுதியது பலரைத் திடுக்கிடச் செய்தது. 2008இல் ஆண்ட்ரூ சுனில் ராஜ்குமாரும் வினயா ஸ்வரூப்பும் நிர்வாகத்தின் தரத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, நிர்வாகம் ஒழுங்காக உள்ள நாடுகளில் அரசின் செலவு குழந்தை இறப்பைக் குறைப்பதும், ஊழல் மலிந்த இடங்களில் அதே செலவு பயனற்றுப் போவதும் புலப்பட்டன. தாய்மாரைப் பொறுத்தவரை இதற்கு நெருக்கமான சான்று இலங்கை: 1930களில் லட்சத்துக்கு 2,000ஐத் தாண்டியிருந்த இறப்பு விகிதத்தை, செல்வம் பெருகும்வரை காத்திராமல், பயிற்சி பெற்ற மருத்துவச்சியரை ஊர்தோறும் அமர்த்தியும் மருத்துவமனைகளைக் கட்டணமின்றித் திறந்துவிட்டும் அந்நாடு பல முறை பாதியாக்கியது. தொகையின் அளவைவிட, அது எந்த நேரத்தில் எந்தப் படியில் வந்து சேர்கிறது என்பதே பிரசவ அறையில் உயிரைத் தீர்மானிக்கிறது.

இந்த நேரக் கணக்கைத் தெளிவுபடுத்தியவர்கள் செரீன் தாடியஸும் டெபோரா மெய்னும் ஆவர். 1994இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, தாயின் இறப்புக்கு வழிவகுக்கும் மூன்று தாமதங்களை வகுத்துக் காட்டியது: மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வீட்டார் முடிவெடுப்பதில் ஒன்று, அங்கு போய்ச் சேர்வதில் இன்னொன்று, சேர்ந்த பிறகு உரிய சிகிச்சை கிடைப்பதில் மூன்றாவது. மூன்றிலுமே பணம் ஊடாடுகிறது. ஆந்திரத்தில் 2005இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை இரண்டாவது தாமதத்தைக் குறைக்க வந்தது; அதே ஆண்டு நடுவண் அரசு கொண்டுவந்த ஜனனி சுரக்ஷா திட்டம், ஏழைப் பெண்கள் மருத்துவமனையில் பிரசவித்தால் உதவித்தொகை தந்து முதல் தாமதத்தைக் குறைக்க முயன்றது. ஆந்திரம் போன்ற மாநிலங்களில் அத்தொகை ஊர்ப்புறப் பெண்ணுக்கு 700 ரூபாய்தான். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, போக்குவரத்து அனைத்தும் செலவின்றிக் கிடைக்க வேண்டும் என்று உரிமையாகவே அறிவித்தது.

ஆனால் உரிமை என்று எழுதப்பட்டதற்கும் பெண்ணின் வீட்டார் கையிலிருந்து உண்மையில் கரைவதற்கும் இடைவெளி உண்டு. காப்பீடோ அரசோ ஈடுசெய்யாமல், சிகிச்சையின்போது குடும்பமே நேரடியாகக் கொடுக்கும் பணத்தைப் பொருளியலார் கைச்செலவு என்று கணக்கிடுகிறார்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 2017-18ஆம் ஆண்டுச் சுற்றின்படி, இந்திய ஊர்ப்புறத்தில் அரசு மருத்துவமனைப் பிரசவம் ஒன்றுக்குக் குடும்பம் சராசரியாகச் சுமார் 2,400 ரூபாயும், தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 20,800 ரூபாயும் செலவிட்டிருக்கிறது. நகர்ப்புறத் தனியாரில் அது 29,000ஐத் தாண்டியது. வெளியே எழுதித் தரப்படும் மருந்து, ஸ்கேன், உடன் தங்குவோரின் சாப்பாடு என்று கைச்செலவு பல வழிகளில் சேர்கிறது; அவர்கள் இழக்கும் கூலி இதற்கு மேல். நிலக்கடலையும் மாவும் பால்மாடுமாகப் பிழைக்கும் சித்தூர்ப் பகுதிக் குடும்பங்களுக்கு, மழை பொய்த்த ஓர் ஆண்டில் இந்த 20,000 ரூபாய் நகையை அடகுக் கடைக்கோ மாட்டைச் சந்தைக்கோ அனுப்பும் தொகை.

இப்பகுதியின் புவியியல் இச்சுமையைக் கூட்டுகிறது. திருப்பதியில் அரசு மகப்பேறு மருத்துவமனையும், ரூயா அரசுப் பொது மருத்துவமனையும், திருமலை திருப்பதி தேவஸ்தானம் உருவாக்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனமும் ஒரே நகரில் இருக்கின்றன; குழந்தைகளின் இதயத்துக்கென்றே 2021இல் ஸ்ரீ பத்மாவதி மருத்துவமனையும் திறக்கப்பட்டது. மாநிலத்தின் தென்மேற்கு முனையான குப்பத்திலிருந்தோ சித்தூர் நகரமே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு, திருப்பதி அதற்கும் அப்பால். சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி திருப்பதியைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. எல்லையின் இருபுறமும் கொள்வினை கொடுப்பினை உள்ள நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் பெண், மாநில எல்லையைக் கடந்துவிட்டால், ஒரு மாநிலத்தில் கர்ப்பப் பதிவும் இன்னொன்றில் பிரசவமுமாக நிதியுதவித் திட்டங்களின் இடைவெளியில் விழுந்துவிடக் கூடும். பிரசவம் எந்த ஊரில் நிகழ வேண்டும் என்பதை இங்கே உறவுமுறையே முடிவுசெய்கிறது என்பதைத் திட்டம் வகுப்போர் உணர வேண்டும்.

2007இல் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியின் அரசு தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ, ஏழைகளுக்கான அறுவை சிகிச்சைகளையும் தீவிர நோய்ச் சிகிச்சைகளையும் அரசின் செலவில் தனியார் மருத்துவமனைகளிலும் பெற வழிசெய்தது. விக்டோரியா ஃபேன், அனுப் கரன், அஜய் மஹால் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, அத்திட்டம் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான கைச்செலவைக் குறைத்ததை உறுதிசெய்தது. கூடவே, பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு அப்பயன் அதே அளவில் கிட்டவில்லை என்பதையும் காட்டியது. பெரு நோய்களின் பேரழிவிலிருந்து குடும்பங்களைக் காப்பது பெரிய காரியம், அதைக் குறைத்துப் பேசலாகாது. எனினும் வழக்கமான பிரசவத்துக்கும் அதற்கு முந்தைய ஒன்பது மாதப் பராமரிப்புக்கும் பொறுப்பானது ஆரம்ப சுகாதார நிலையமே. அங்கே செவிலியர் பணியிடம் காலியாக இருந்தால் மேல்நிலைச் சிகிச்சைக்கான காப்பீடு அதை ஈடுசெய்யாது.

மிகுந்த கவலைக்குரிய மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆந்திரத்தில் 96.5 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அவ்வகையில் மருத்துவமனைக்கு வரச் சொல்லும் பரப்புரை வென்றுவிட்டது. ஆனால் மொத்தப் பிரசவங்களில் 42.4 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 63 விழுக்காடு, அரசு மருத்துவமனைகளில் 26.6. நாட்டின் சராசரி 21.5. தேவைப்படும் நேரத்தில் சிசேரியன் தாயையும் சேயையும் காக்கும் சிகிச்சை. தேவையின்றிச் செய்யப்படுகையில் செலவு பன்மடங்காவதோடு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொண்டு கட்டுக்கடங்காத ரத்தப்போக்கை உண்டாக்கும் ஆபத்தும் கூடுகிறது. அரசுக்கும் தனியாருக்கும் இடையிலான இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பெண்களின் உடல்நிலை மட்டும் விளக்கிவிடாது. நேரம் குறித்துச் செய்யக்கூடிய, கட்டணம் மிகுந்த அறுவையை நோக்கி மருத்துவமனையின் வருவாய் ஏற்பாடே தள்ளுகிறது. அதே கணக்கெடுப்பின் முந்தைய சுற்றில் ஆந்திரப் பெண்களில் 8.9 விழுக்காட்டினர் 49 வயதுக்குள்ளேயே கருப்பையை அகற்றிக்கொண்டிருந்ததும், நாட்டின் சராசரி 3.2 விழுக்காடாக இருந்ததும், இந்தச் சாய்வு பிரசவத்தோடு நிற்கவில்லை என்பதைக் காட்டுகின்றன.

அறுவை அரங்கை நோக்கிப் பணம் இவ்வாறு ஓடும் அதே மாநிலத்தில், 2019-21 கணக்கெடுப்பின்படி கருவுற்ற பெண்களில் 53.7 விழுக்காட்டினர் ரத்தசோகையோடு இருந்தார்கள். அதற்கு நான்கைந்து ஆண்டுகள் முன்பு அது 52.9 ஆக இருந்தது, அதாவது இரும்புச்சத்து மாத்திரைகளும் அங்கன்வாடி உணவும் இருந்தும் நிலைமை அசையவே இல்லை. இது தனித்த குறை என்று எண்ணிவிடலாகாது. பேறுகால இறப்பின் முதன்மைக் காரணங்களில் ஒன்றான பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, ஏற்கெனவே ரத்தம் குறைந்த பெண்ணை மிகக் குறுகிய நேரத்தில் வீழ்த்திவிடுகிறது. இதைத் தடுக்கும் வழிகள் மலிவானவை என்பதுதான் வேதனை. கர்நாடகத்தின் பெல்காம் மாவட்ட ஊர்ப்புறங்களில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், கிராமச் செவிலியர் பிரசவமானவுடன் கொடுத்த மிசோப்ரோஸ்டால் மாத்திரைகள் ரத்தப்போக்கு நேர்வதை 12 விழுக்காட்டிலிருந்து 6.4 ஆகக் குறைத்தன. 2023இல் வெளியான, ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், வெளியேறும் ரத்தத்தை அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பில் சேகரித்து அளந்து, அளவு மீறியதும் உரிய மருந்துகளைத் தாமதமின்றி ஒருசேரக் கொடுத்ததில், கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவான இறப்பும் அறுவையும் சேர்ந்த கணக்கு 60 விழுக்காடு குறைந்தது. விரிப்பும் மாத்திரையும் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கட்டுப்படியாகும். அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சி பெற்ற செவிலியர் நள்ளிரவிலும் பணியில் இருப்பதற்குத்தான் ஆண்டுதோறும் தவறாத நிதி வேண்டும். வீடு வீடாகச் சென்று கர்ப்பிணியைப் பதிவுசெய்து இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கவைக்கும் ஆஷா பணியாளரின் மாத ஊதியத்தை ஆந்திர அரசு 2019இல் 10,000 ரூபாயாக உயர்த்தியது. பேறுகாலத்துக்காகச் செய்யப்பட்ட செலவுகளில் மிகவும் பொருளுள்ளவற்றுள் அது ஒன்று.

இவ்வளவையும் மாநில எண்களைக் கொண்டே பேச வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின் மாதிரி அளவு மாவட்டத்துக்குப் பேறுகால இறப்பு விகிதம் கணிக்கப் போதாது. தேசிய நலவாழ்வுக் கணக்குகளும் மாநிலத்தோடு நின்றுவிடுகின்றன. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானபோது மருத்துவமனைகளின் பெரும்பகுதி ஒரு பக்கமும் குப்பம் போன்ற தொலைவூர்கள் மறுபக்கமும் சென்றுவிட்டதால், இரண்டையும் தனித்தனியே அளக்கும் தேவை முன்னைவிட அதிகம். ஒவ்வொரு பேறுகால இறப்பையும் மாவட்ட அளவில் ஆராய வேண்டும் என்றும், தெரிவுசெய்த சில இறப்புகளை மாவட்ட ஆட்சியரே உறவினரை அழைத்துக் கேட்டறிய வேண்டும் என்றும் நடுவண் அரசின் வழிகாட்டு நெறிகள் ஏற்கெனவே கூறுகின்றன. அந்த ஆய்வில், இறந்த பெண்ணைக் குடும்பம் எத்தனை மருத்துவமனைகளுக்குக் கொண்டுசென்றது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கட்டியது, எவ்வளவு கடன் வாங்கியது, பணத்துக்காக எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்ற நான்கு கேள்விகளைச் சேர்த்து, பெயர்களை நீக்கி, சித்தூருக்கும் திருப்பதிக்கும் தனித்தனியாக ஆண்டுதோறும் வெளியிடுவதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. இரு மாவட்ட நிர்வாகங்களும் வரும் ஆண்டிலேயே அதைத் தொடங்கிவிட முடியும்.