ஜொகான் செத்தியாவில் மண் எரிவது ஏன்? பதில் நிலத்தடி நீர் வரைபடத்தில்

கிள்ளான்வாசிகளுக்கு ஜொகான் செத்தியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வறட்சிக் காலத்தில் புகைமூட்டம் வந்தால், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டுப் பட்டியலில் நாம் முதலில் தேடும் பெயர்களில் அதுவும் ஒன்று. சுமத்ராவிலிருந்து காற்று அள்ளி வரும் புகை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நம் வீட்டுக்குப் பின்னாலேயே மண் எரிகிறது.

மண் எப்படி எரியும்? அங்கே இருப்பது காம்புட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் விழுந்து முழுதாக மக்காமல் தங்கிவிட்ட இலை, வேர், மரத்துண்டுகளின் குவியல் அது. இயற்கையான நிலையில் அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் மேல்மண் காய்ந்து விறகாகிறது. யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு உள்ளே இறங்கி, நாள்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். தீயணைப்பு வீரர்கள் மேலே பீய்ச்சும் தண்ணீர் மட்டும் போதாது. நிலத்தடி நீர்மட்டமே மேலேற வேண்டும். கால்வாய்களில் தடுப்பணை போடுவதும், குழாய்க் கிணறுகளிலிருந்து மண்ணுக்குள் நீர் விடுவதும் அதற்காகத்தான்.

காம்புட் நிலத்துச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் இதை வேறு விதமாகப் பார்த்திருப்பார்கள். மரங்கள் சாய்ந்து, வேர்கள் வெளியே தெரிய நிற்கும். நீர் வடிந்த மண் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் அமிழ்ந்துகொண்டே போவதன் அடையாளம் அது. இத்தகைய நிலங்களில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என ஆர்.எஸ்.பி.ஓ. வழிகாட்டுகிறது. ஆனால், கண்ணுக்குத் தெரியாத நீர் எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை எப்படி அறிவது?

இங்கேதான் ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமை வருகிறது. தோட்டத்து ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் பீல்டு வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த பீல்டு எந்த ஆண்டு நட்டது, எத்தனை மரம் என்று கிராணி அதில் குறித்து வைத்திருப்பார். அதே அளவில் ஒரு கண்ணாடித் தாளில் கால்வாய்களையும், இன்னொன்றில் மண் வகையையும், மற்றொன்றில் தரையின் உயரத்தையும் வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் எப்படியிருக்கும்? அதைக் கணினியில் செய்வதுதான் ஜி.ஐ.எஸ். கிணறுகளில் அளந்த நீர்மட்டம் அதில் இன்னொரு தாள்.

ஒரு சிறு கணக்கு. ஓரிடத்தில் தரை கடல்மட்டத்திலிருந்து 8 மீட்டர் உயரம். கிணற்றில் 2 மீட்டர் கீழே தண்ணீர். இன்னோர் இடத்தில் தரை 5 மீட்டர்; 1 மீட்டரிலேயே தண்ணீர். வாளி விடுபவருக்கு இரண்டாவது கிணற்றில்தான் நீர் மேலே இருப்பதாகத் தோன்றும். உண்மையில் முதல் கிணற்றின் நீர்மட்டம் 6 மீட்டர், இரண்டாவதின் நீர்மட்டம் 4 மீட்டர். நீர் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி நகரும். இப்படிப் பல கிணறுகளின் அளவைச் சேர்த்தால், நிலத்தடி நீர் எங்கிருந்து எங்கே போகிறது, யார் எடுத்தால் யாருக்குக் குறையும் என்பது தெரியத் தொடங்கும்.

லங்காட் ஆற்றுப் படுகையில் இந்தக் கேள்வி வெறும் பாடப்புத்தகக் கேள்வி அல்ல. அங்கே மென்மையான களிமண்ணுக்குக் கீழே மணலும் சரளைக் கல்லும் கலந்த அடுக்கில் நல்ல நீர்வளம் உண்டு. ஜப்பானின் ஜைக்கா அமைப்பும் நமது கனிமப் புவி அறிவியல் துறையும் இணைந்து அதை ஆராய்ந்து 2002-இல் அறிக்கை தந்தன. அந்தக் காலத்தில் பந்திங் பக்கம் ஒரு பெரிய எஃகு ஆலை தன் தேவைக்கு ஆழ்கிணறுகளிலிருந்தே நீர் எடுத்துவந்தது.

டிங்கில் அருகே உள்ள பாயா இண்டா சதுப்புநிலமும் இதே படுகையில்தான் இருக்கிறது. பிள்ளைகளை நீர்யானை பார்க்க அழைத்துப் போயிருப்பீர்கள். பழைய ஈய லம்பங்கள் ஏரிகளாகி, பறவைகளும் மீன்களும் குடியேறிய இடம் அது. அந்த ஏரிகளுக்கு மழைநீர் மட்டும் ஆதாரமில்லை. நிலத்தடி நீரோடும் கொடுக்கல் வாங்கல் உண்டு. அருகில் அளவுக்கு மீறி இறைத்தால் ஏரி வற்றலாம், களிமண் அமிழலாம், கடற்கரைப் பக்கம் உப்புநீர் உள்ளே வரலாம். எவ்வளவு எடுத்தால் ஏரி தாங்கும் என்று கணக்கிடப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பகுதிக்கென்றே கணினி மாதிரிகளை அமைத்தார்கள். மழை, மண், தரை உயரம், கிணறு என எல்லாத் தாள்களும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு ஓடும்.

2020 செப்டம்பரில் சுங்கை கோங் மாசடைந்து நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டது நினைவிருக்கும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு வாளியோடு லாரிக்குக் காத்திருப்பது புதிதல்ல. கிளந்தான் மக்கள் நிலத்தடி நீரைக் குடிக்கிறார்களே, நாம் ஏன் கூடாது என்று கேட்பது நியாயம்தான். எடுக்கலாம். எங்கே, எவ்வளவு என்பதை முதலில் அளந்துவிட்டு எடுக்க வேண்டும். சிலாங்கூரில் தொழிலுக்கு நிலத்தடி நீர் எடுப்பவர்கள் லுவாஸ் எனப்படும் மாநில நீர் நிர்வாக வாரியத்திடம் உரிமம் பெற வேண்டியிருப்பதும் இதனால்தான்.

கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தின் கதையும் இதோடு சேர்ந்தது. இதுவும் காம்புட் காடு. தெமுவான் பூர்வக்குடியினரின் வாழ்விடம். 2020-இல் அதில் 930 ஹெக்டருக்கும் மேற்பட்ட பகுதியை வனக்காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கத் திட்டமிடப்பட்டது. 2021 ஆகஸ்ட் இறுதியில், 536.7 ஹெக்டர் நீக்கப்பட்டுவிட்டது தெரியவந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும், செப்டம்பர் 8 அன்று மந்திரி புசார் டத்தோ ஸ்ரீ அமிருடின் ஷாரி அம்முடிவு ரத்து செய்யப்படுவதாக அறிவித்தார்.

காடு ஏற்கெனவே தீயில் சீரழிந்துவிட்டது என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. காடு, சுற்றுப்புற நிலம், கால்வாய் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு கேள்வி எழும். வனக்காப்பக எல்லைக் கோடு தண்ணீருக்குத் தெரியாது. எல்லைக்கு வெளியே வெட்டிய ஆழமான கால்வாய், உள்ளே இருக்கும் காட்டின் நீரையும் இழுக்கும். காட்டைக் காக்க வேலி போட்டால் போதாது. சுற்றியுள்ள கால்வாயின் நீர்மட்டத்தையும் காக்க வேண்டும்.

வரைபடத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கிணறுகளுக்கு இடையே அளக்காத இடத்தையும் கணினி ஊகித்து நிறம் பூசிவிடும். பத்து கிலோமீட்டருக்கு ஒரு கிணறு என்றால் அந்த நீல நிறத்தில் பாதி ஊகம்தான். வண்ணப் படத்தைக் காட்டி யாராவது விளக்கக் கூட்டம் நடத்தினால், எத்தனை கிணறுகளில், எந்த மாதத்தில் அளந்தது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் அளந்ததை வைத்து வறட்சிக்குத் திட்டம் போட முடியாது.

தீ எங்கே என்பதைப் பார்க்க அதிகாரிகளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். செயற்கைக்கோள் கண்டறியும் வெப்பப் புள்ளிகளை அமெரிக்க நாசாவின் ஃபிர்ம்ஸ் தளம் சில மணி நேரத்தில் இலவசமாக வெளியிடுகிறது. கைப்பேசியில் கிள்ளானைத் தேடி, ஜொகான் செத்தியா பக்கம் நகர்த்தினால் போதும். மேகம் மூடினாலோ தீ மண்ணுக்குள் ஆழமாகக் கனன்றாலோ அது தப்பிவிடும் என்பதால், புகை வாசம் வந்தும் படத்தில் புள்ளி இல்லையென்றால் 999-ஐ அழைத்துவிடுங்கள்.