கல்லில் மோதிய கார்: எங்கே பார்ப்பது?

மாணவர்களே, சாலையோரக் கல்லில் மோதிய காரில் கீறல்கூட இல்லாமல் உள்ளே சேதம் இருக்கலாம். வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். டயரும் ரிம்மும், சக்கரத்தைத் தாங்கும் தண்டுகளும் அதை வாங்கிக்கொள்கின்றன.

நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா? கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா? தண்டு வளைந்து சக்கரத்தின் திசை மாறியிருக்கலாம். அப்போது டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் உரசுவதால் ஓரம் விரைவில் தேயும். வளைந்த தண்டை மாற்றாமல் அலைன்மெண்ட் மட்டும் செய்தால் போதாது. வேகம் கூடும்போது கார் அதிர்ந்தால் ரிம்மைச் சோதிக்க வேண்டும்.

டயரின் பக்கச் சுவர் புடைத்திருந்தால் ஓட்டவே கூடாது. உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்து, ரப்பர் மட்டுமே காற்றைத் தாங்குகிறது. நெடுஞ்சாலையில் அது வெடிக்கலாம். குனிந்து டயரின் உட்புறத்தையும் பாருங்கள். புடைப்பு அங்கேயும் ஒளிந்திருக்கும்.