எண்ணெய் விலையும் ஜனங்களின் செலவும்

அந்நிய தேசங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறினால் மோட்டார் வைத்திருப்போருக்கே கஷ்டம், நமக்கென்ன என்று கருதுவோர் இன்னும் பலர் உளர். இது பெரும் பிழை.

காஞ்சிபுரம் ஜில்லாவிலுள்ள தென்னேரியை எடுத்துக்கொள்வோம். ஏரி நீர் மதகு வழியே தானாக வயலுக்குப் பாய்கிறது. அதற்கு எண்ணெய் வேண்டுவதில்லை. ஆனால் உழும் டிராக்டரும், அறுக்கும் இயந்திரமும், நெல்லை ஏற்றிச் செல்லும் லாரியும் டீசலின்றி அசையா. காஞ்சிக் கைத்தறியும் ஒரு சொட்டு எண்ணெய் கேளாது; ஆயினும் கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத் ஜரிகையும் வண்டியேறியே வந்து சேர வேண்டும். நமது தேசமோ தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது.

இவ்வேற்றம் முதலில் மொத்த விலையைத் தாக்கும்; சில்லறை விலையைப் பையவே எட்டும். மொத்த விலைக் கணக்கில் சரக்குகள் மட்டுமே சேரும். வீட்டு வாடகை, வைத்தியம், பள்ளிக் கட்டணம் ஆகியவை சேரா. ஆகவே எண்ணெயின் வேகம் அதில் முழுதும் தெரியும். உக்ரைன் யுத்தம் மூண்ட 2022-ம் வருஷத்து மே மாதத்தில், மொத்த விலை முந்திய வருஷத்தைவிட நூற்றுக்கு 15-க்கு மேல் ஏறியிருந்தது. சில்லறை விலையேற்றமோ நூற்றுக்கு 7 அளவே. இதைக் கண்டு மகிழ்வதற்கில்லை. இவ்வித்தியாசம் முழுவதும் எண்ணெயால் வந்ததன்று. ஆயினும் அதில் ஒரு பகுதியைச் சுமப்பவர், விலையை உயர்த்திக் கேட்கத் திராணியற்ற சிறு உற்பத்தியாளரே. பெரிய முதலாளி சில காலம் நஷ்டத்தைத் தாங்குவார். நெசவாளிக்கோ குறைவது தன் கூலியே.

விலை இறங்கும்போது நடப்பதென்ன? 2020-ல் கொரோனாவினால் உலகெங்கும் எண்ணெய் விலை வீழ்ந்தது. அவ்வருஷம் மே மாதத்தில் மத்திய சர்க்கார் லிட்டருக்குப் பெட்ரோல் மீது 10 ரூபாயும் டீசல் மீது 13 ரூபாயும் வரியை உயர்த்தினர். ஜனங்களுக்கு வர வேண்டிய லாபம் பொக்கிஷத்திற்குப் போயிற்று. பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் வரியைக் குறைத்தது உண்மையே. ஆனால் அது நோய் முற்றிய பின் கொடுத்த மருந்து.

சர்க்காருக்கு வருமானம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சாலையும் பள்ளியும் வரியினாலேயே நடக்கின்றன. ஏற்றத்தில் பங்கு கொள்ளும் ஜனங்கள் இறக்கத்திலும் பங்கு பெற வேண்டும் என்பதே நம் கோரிக்கை. கச்சா எண்ணெய் எவ்வளவு ஏறினால் வரி எவ்வளவு இறங்கும் என்பதை மத்திய, மாகாண சர்க்கார்கள் முன்கூட்டியே விதியாக வகுத்துப் பகிரங்கப்படுத்தட்டும். இதைச் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் கேட்பது நம் பிரதிநிதிகளின் கடமை. அவர்களைக் கேட்கச் செய்வது நம் கடமை.