உங்களுக்குத் தெரியுமா? வனத்துத் துறவிகளின் அற்புதங்கள்

வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கெரிவதைக் கும்பிட்டு வளர்ந்த ஊர் இது. அற்புதம் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் 1,600, 1,700 வருசத்துக்கு முன்னர் எகிப்திலும் சிரியாவிலும் தனித்திருந்த கிறிஸ்தவத் துறவிகளின் அற்புதங்களை வாசித்தால், பெரும்பாலானவை பயிர், பாண், தண்ணீர், பூச்சி, மிருகம் பற்றியவை. காட்டோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அவை விளங்கும்.

● வனத்து அந்தோனியார் தோட்டம் செய்தவர் என்பது தெரியுமா? கி.பி. 251 அளவில் எகிப்தில் பிறந்தவர். செங்கடல் பக்கத்து மலையடியில் தனித்திருந்தபோது, தனக்காக மற்றவர்கள் பாண் சுமந்து களைக்கக்கூடாது என்று ஒரு துண்டு நிலத்தைக் கொத்தித் தானியம் விதைத்தார். தேடி வருகிறவர்களுக்கென்று கொஞ்சம் மரக்கறியும் வைத்தார். தண்ணீர் குடிக்க வந்த காட்டு மிருகங்கள் பயிரைத் தின்று மிதித்துவிட்டுப் போயின. அவர் ஒன்றை மெதுவாகப் பிடித்து, உங்களுக்கு நான் ஒரு தீங்கும் செய்யவில்லையே, எனக்கு ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டு, ஆண்டவர் பெயரால் போகச் சொன்னாராம். அதற்குப் பிறகு அவை அந்தப் பக்கம் வரவில்லை என்று அத்தனாசியார் எழுதிய வரலாறு சொல்கிறது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானைக்கும் பன்றிக்கும் பயந்து, பரணில் இரவிரவாகக் கண்விழித்து யானைவெடி கொளுத்துகிற ஒரு கமக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லிப்பாருங்கள். இதன் பெறுமதியை அவர்தான் சரியாகச் சொல்வார்.

● அதே அந்தோனியார் 356இல், 105ஆவது வயதில் காலமானார். விட்டுப்போன சொத்து இரண்டு ஆட்டுத்தோல், ஒரு பழைய மேலாடை, ஒரு மயிர்ச் சட்டை. புதைத்த இடம் யாருக்கும் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். கூட இருந்த இரண்டு சீடர்களும் அப்படியே செய்தார்கள்.

● இன்னொரு துறவியான வனத்துச் சின்னப்பருக்கு ஒரு காகம் அறுபது வருசமாக நாள்தோறும் அரைப் பாண் கொண்டுவந்து கொடுத்ததாம். தொண்ணூறு வயது அந்தோனியார், 113 வயதுச் சின்னப்பரைத் தேடிப் போன அன்றைக்கு மட்டும் காகம் முழுப் பாண் கொண்டுவந்தது. இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாணை யார் பிய்ப்பது? நீங்கள் விருந்தாளி, நீங்கள் பியுங்கள் என்றார் ஒருவர். நீங்கள் மூத்தவர், நீங்களே பியுங்கள் என்றார் மற்றவர். பொழுதுபடும் வரைக்கும் இது தீரவில்லை. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, கையோடு வந்ததை அவரவர் சாப்பிட்டார்கள். சின்னப்பர் இறந்தபோது இரண்டு சிங்கங்கள் வந்து குழி தோண்டின என்றும், அவர் உடுத்திருந்த ஓலைச் சட்டையை அந்தோனியார் உயிர்ப்புப் பெருவிழாவிலும் பெந்தகோஸ்தே நாளிலும் அணிந்தார் என்றும் புனித ஜெரோம் எழுதினார். அப்படி ஒருவர் இருந்தாரா என்ற கேள்வி ஜெரோம் காலத்திலேயே எழுந்தது. இருந்தாலும் ஒரு பாணை முன்னுக்கு வைத்துக்கொண்டு நீங்கள், நீங்கள் என்று நிற்கும் இரண்டு கிழவர்களை யாரோ ஒருவர் எங்கோ கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன்.

● நுளம்புக்காக ஆறு மாதம் தவம் செய்தவரும் உண்டு. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த மக்காரியுஸின் காலில் ஒரு நுளம்பு குத்தியது. ஆத்திரத்தில் அடித்துக் கொன்றுவிட்டார். ஒரு சின்னக் குத்துக்குப் பழிவாங்கிவிட்டேனே என்று மனம் நொந்து, ஸ்கேத்திஸ் சதுப்பு நிலத்தில் ஆறு மாதம் வெறும் மேலோடு போய் இருந்தார். அங்கே காட்டுப்பன்றித் தோலையே துளைக்கும் நுளம்புகள். திரும்பி வந்தவரின் உடம்பு தடித்து வீங்கி, தொழுநோயோ என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள். மலேரியாவில் படுத்தெழும்பிய எங்கள் மூத்தவர்கள் இதைக் கேட்டால் துடித்துப்போவார்கள். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே 2016இல்தான். யாரும் பின்பற்ற வேண்டிய தவம் இதுவல்ல. ஆனால் அந்த மனிதர் தன் கோபத்தை எவ்வளவு பெரிய விசயமாக எடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

● அதே மக்காரியுஸிடம் ஒரு கழுதைப்புலி தன் குருட்டுக் குட்டியைக் கவ்விக்கொண்டு வந்ததாம். கண்ணில் எச்சில் பூசிச் செபித்தார், பார்வை வந்தது. அடுத்த நாள் தாய் நன்றியாக ஓர் ஆட்டுத்தோலைக் கொண்டுவந்து போட்டது.

● எகிப்தியத் துறவிகள் கையேந்திச் சாப்பிடவில்லை. பேரீச்ச ஓலையில் பெட்டி, பாய், கயிறு பின்னி விற்றார்கள். அந்தப் பணத்தில் தாங்களும் சாப்பிட்டு, ஏழைகளுக்கும் கொடுத்தார்கள். அர்சேனியுஸ் உரோமைப் பேரரசரின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். அரண்மனையை விட்டு வந்து ஓலை பின்னினார். ஓலை ஊறப்போட்ட தண்ணீரை வருசத்தில் ஒரு தடவைதான் மாற்றுவார். குறையக் குறைய மேலே ஊற்றுவாரே தவிர, பழையதைக் கொட்டமாட்டார். நாற்றம் தாங்கமுடியவில்லை என்று மற்றவர்கள் கேட்டபோது, அரண்மனையில் பூசிய வாசனைக்கு ஈடாக இதை முகர்கிறேன் என்றாராம். பனையோலை நனைத்துக் கடகம் இழைத்த கைகளுக்கு அந்த மணம் தெரியும்.

● துறவி கருப்பு மோசே முன்னர் கொள்ளைக்காரர். பிழை விட்ட ஒரு சகோதரரை விசாரிக்கக் கூடிய சபைக்கு, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டு போனார். என்ன இது என்று கேட்டார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகுகின்றன, எனக்குத் தெரியவில்லை. நான் இன்னொருவருக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன் என்றார். விசாரணை அத்தோடு முடிந்தது.

● துறவிகளைக் கூட்டாக வாழவைத்த பக்கோமியுஸ், இளவயதில் கட்டாயமாகப் படைக்குப் பிடிக்கப்பட்டவர். தேபேஸ் நகரில் மற்ற இளைஞர்களோடு அடைத்து வைத்திருந்தபோது, முன்பின் தெரியாத சிலர் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர்கள் யார் என்று கேட்டார். கிறிஸ்தவர்கள், எல்லாருக்கும் இப்படித்தான் செய்வார்கள் என்று பதில் வந்தது. விடுதலையானால் நானும் மனிதருக்குத் தொண்டு செய்வேன் என்று அன்றிரவே செபித்தார். கி.பி. 320 அளவில் தபென்னேசி என்ற இடத்தில் முதல் மடம் எழுந்தது. படைக்குப் பிடித்துப் போனார்கள் என்ற ஒரு வரி போதும், வன்னித் தாய்மாருக்கு விளக்கம் தேவையில்லை. இடம்பெயர்ந்து நின்ற நாளில் ஒரு சோற்றுப் பார்சலை நீட்டிய, பெயர் தெரியாத கையை நாங்களும் மறக்கவில்லை. பக்கோமியுஸ் முதலைகளின் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தச் சாப்பாடுதான் பெரிய அற்புதம்.

● தூண்மேல் 37 வருசம் வாழ்ந்த சிமியோன் (இறப்பு 459) செபத்தில் எத்தனை தடவை குனிந்து நிமிர்கிறார் என்று ஒருவர் எண்ணத் தொடங்கினார். 1,244இல் களைத்துப்போய் எண்ணுவதை விட்டுவிட்டார். சிமியோன் நிறுத்தவில்லை.

● கச்சதீவில் நாங்கள் கும்பிடுவது வனத்து அந்தோனியாரை அல்ல, பதுவை அந்தோனியாரை. ஆனால் அவருடைய இயற்பெயர் பெர்னாந்து. 1220இல் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தபோது, எகிப்துத் துறவியின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

● பழைய திருநாள் வரிசையில் ஜனவரி 15 வனத்துச் சின்னப்பருக்கு, 17 வனத்து அந்தோனியாருக்கு. இடையில் உள்ள 16 இப்போது யாருக்கு? 1687இல் ஏழை வேலையாளாக வேடமிட்டு யாழ்ப்பாணம் வந்த கோவாக் குரு யோசப் வாஸுக்கு. 1696இல் கண்டியில் மழைக்காக அவர் செபித்தபோது சுற்றிலும் மழை கொட்டியது, அவரும் பீடமும் நனையவில்லை என்பார்கள். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்திய பாப்பரசர் பிரான்சிஸ், அன்றே மடுவுக்கும் வந்தார்.

● துறவு மடம் பார்க்க எகிப்துக்குப் போகத் தேவையில்லை. 1928இல் தோமஸ் அடிகளார் யாழ்ப்பாணம் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை, வெளிநாட்டுச் சபை ஒன்றின் கிளை அல்ல, இந்த மண்ணிலேயே முளைத்தது. மௌனம், செபம், கைவேலை என்பதே அவர்களின் வழி. அவர்கள் செய்து விற்கும் நெல்லி ரசத்தை வடக்கில் குடிக்காதவர் குறைவு. கோடைக்கு ஒரு போத்தல் வீட்டில் இருக்கட்டும்.